எருமேட்டில் பெய்த மழை

தோட்டத்தில் பார்க்கிற எந்த உத்தியோகத்துக்கும் ஒரு மணம் உண்டு. டீமேக்கர் மேல் தேயிலை மணக்கும், மருந்தையா மேல் டிஞ்சர் மணக்கும், என் மேல் என்ன மணக்கிறது என்று மட்டும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

வட்டவளை ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் ஏறினால் நான் வேலை பார்த்த தோட்டம். இலங்கை சுதந்திரமடைந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே எனக்கு எருக் கணக்கப்பிள்ளை உத்தியோகம். தொழிலாளர்கள் வளர்த்த நாற்பது மாடுகளுக்கும் மலையுச்சியில் ஒரே நீளக் கொட்டகை. அதில் விழும் சாணியையும் மூத்திரத்தில் ஊறிய புல்லையும் மேடாகக் குவித்து, மக்கவைத்து, ஐப்பசியில் தேயிலைக் கன்று நடும்போது குழிக்கு ஒரு கூடை என்று கொடுக்கவேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஐப்பசிக்கு முன்னால் வைகாசி வரும். வைகாசியில் வட்டவளையில் தொடங்கும் மழை ஆவணி முடியும்வரை ஆளை விடாது. அந்த நாலு மாசமும் எருவைக் கரையாமல் வைத்திருப்பதுதான் என் வேலை.

மழையை நம்பிப் பிழைத்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். மழைக்குப் பயந்து பிழைத்தவர்களும் இருக்கிறீர்கள்: ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாடம் நடத்திய வாத்தியார்கள், மண்சரிவுப் பாதையில் லொறி ஓட்டியவர்கள், உப்பு மூட்டையைத் திறந்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர்கள். வானம் கறுக்கும்போது அந்தப் பயம் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்.

கறுத்த தண்ணீர்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே மழை பிடித்துக்கொண்டது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு ஏறினேன். எருமேடு, சரிவின் விளிம்பில் கூரை எதுவும் இல்லாமல் கிடந்தது. கழுவித் தள்ள வசதி என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ அங்கே வைத்திருக்கிறார்கள். மழை அதன் தலையில் விழ, அடியிலிருந்து கொதிக்கவைத்த தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்த தண்ணீர் கசிந்தது. முதலில் நூலாக வந்தது. அரை மணி நேரத்தில் கை மொத்தத்துக்கு வந்துவிட்டது. மழைநீர் வடிய மலையில் வெட்டும் வாய்க்காலை நாங்கள் கான் என்போம். கறுத்த தண்ணீர் அந்தக் கானில் இறங்கி, ஏழாம் நம்பர் தேயிலை மலைக்குள் நுரைத்துக்கொண்டு ஓடியது.

அது எங்கே போகிறது என்று பார்க்க நானும் கூடவே இறங்கினேன். தேயிலைக்குள் ஓடி, ஒரு முடக்கில் திரும்பி, ஓடையில் விழுந்தது. ஓடை, தேயிலைத் தொழிற்சாலைக் குளத்துக்குப் போகிறது. குளத்தில் வழிவது கீழே சிங்களக் கிராமத்து வயல்களுக்குப் போகிறது. அதெல்லாம் தூரத்து விஷயம். நான் நின்றுவிட்டது அந்த முடக்கில்தான். முடக்குக்கு வெளியே, பத்தடி பள்ளத்தில், ஒரு ஊற்றும் அதன் தொட்டியும் இருந்தன. அந்தத் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத்தான் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஐந்தாம் நம்பர் லயத்துக்கு, அங்கே குடம் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் போகும். நாற்பது குடும்பம் குடிக்கிற தண்ணீர். சாணித் தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மண்கரை இருந்தது, அவ்வளவுதான்.

மூச்சிரைக்க மேலே வந்து, கொட்டகை பார்க்கும் சடையனிடம் சொன்னேன். மாடுகளோடு பதினைந்து வருஷம் கிடந்தவர், எதற்கும் அவசரப்படாதவர்.

"என்னங்க சடையன், எரு பூராவும் தண்ணியோட போகுதே! நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்க?"

சடையன் மேட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார்.

"சாணின்னா மழையில கரையத்தாங்க செய்யும். கரையாம நிக்கிறதுக்கு அது என்ன, கருங்கல்லுல அடிச்ச நந்தியா?"

கான் ஓரத்து நிரை

அந்த வருஷம் ஐப்பசியில் மேட்டைத் திறந்தபோது பாதி எரு இல்லை. மீதியிருந்ததும் சக்கையாக இருந்தது. கையில் எடுத்தால் பழைய வைக்கோல் மாதிரி உதிர்ந்தது. சத்து எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் கான் ஓரமாக இருந்த தேயிலை மட்டும் கறுகறுவென்று நின்றது. இரண்டு நிரை தள்ளிப் போனால் இலை வெளிறிக் கிடந்தது. மலையில் யாரோ பச்சைப் பெயின்டால் கோடு இழுத்தது போல இருந்தது.

தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரைக்கு அடுத்தபடி மலைவேலை முழுக்கப் பார்ப்பவர் கண்டாக்கையா. அவர் பெரியதுரையை அங்கே கூட்டிவந்து, தான் போட்ட மூட்டை உரத்தின் வேலை என்று அந்தப் பச்சைக் கோட்டைக் காட்டினார். துரை தலையை ஆட்டினார். பின்னால் நின்ற நான், "தொரைங்களே, அது எருமேட்டுத் தண்ணி" என்று சொல்ல வாயெடுத்தேன். கண்டாக்கையா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திரும்ப மூடிக்கொண்டேன். அந்த வருஷத்தில் நான் செய்த தப்புகளில் அதுதான் பெரியது.

அந்த நிரைக்காகக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குள் தினமும் சண்டை. கூடை அங்கே சீக்கிரம் நிறையும். அன்றைக்குச் சண்டையில் ஜெயித்தவள் பாக்கியம். ஐந்தாம் நம்பர் லயத்துக்காரி, யார் முகத்துக்கு நேராகவும் பேசக்கூடியவள். கானில் கால் வைத்து முழங்கால்வரை நாற்றத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்ததும் கை நிறுத்தாமலே சொன்னாள்:

"கணக்கப்புள்ள ஐயா, இந்த நெரையில நின்னா கூடை நெறையுதுங்க. வீட்டுக்குப் போனாத்தான் எம் புருசன் அடுப்புக்கு அந்தப் பக்கமா போயி ஒக்காந்துக்கிறான்."

குளத்துப் பாசி

மூன்றாவது வருஷம் டீமேக்கரிடமிருந்து ஆள் வந்தது. உடனே வரச் சொல்லி. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், மனிதர்களைவிட இயந்திரங்களோடு அன்பாகப் பழகுவார்.

எங்கள் தோட்டத்தில் கரண்டு கிடையாது. குளத்துத் தண்ணீர் பெரிய குழாயில் இறங்கி ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரத்தால்தான் கொழுந்து அரைக்கும் ரோலர்கள் ஓடும். நான் போனபோது ரோலர்கள் நின்றிருந்தன. அந்த மௌனத்தைத் தோட்டத்தில் கேட்டவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பயங்கரமான சத்தம் அது. மேல்மாடியில் அன்றையக் கொழுந்து முழுக்க வாடி முடிந்து, அரைக்க வழியில்லாமல் கெட்டுப்போகத் தொடங்கியிருந்தது.

குளத்தைப் பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை. பச்சைப் பாசி, கம்பளி விரித்த மாதிரிக் கரைக்குக் கரை கிடந்தது. குழாய் வாயிலிருக்கும் இரும்புக் கிராதியை அதுதான் அடைத்துவிட்டது. நாலு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கை கையாக அள்ளி எறிந்தார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்காமல் கரையில் நின்று பதில் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. குளிரில் பல் கிட்டிக்கொண்டது. ரோலர் திரும்ப ஓடும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றையக் கொழுந்தில் முக்கால்வாசி குப்பைக்குப் போனது.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு மெதுவாக நழுவப் பார்த்தேன். டீமேக்கர் கையில் ஒரு பிடி பாசியோடு வழிமறித்தார்.

"உம்மட மாடு சாணி போட, என்ர குளத்தில பாசி விளையுது காணும். வாற மாசம் கொழும்புக்குத் தேயிலைப் பெட்டியில இதைத்தான் அடைச்சு அனுப்பவேணும்."

ரன்பண்டாவின் பலாப்பழம்

அதே வருஷம் இன்னொருவரும் என்னைத் தேடி வந்தார். கீழ்க் கிராமத்து விவசாயி, ரன்பண்டா. தோளில் ஒரு பெரிய பலாப்பழம். ஓடைத் தண்ணீர் அவர் வயலில்தான் முதலில் பாயும். நான் கதவுக்குப் பின்னால் நின்று, திட்டு எந்த மொழியில் வரும் என்று காத்திருந்தேன். மனிதர் சிரித்துக்கொண்டே பழத்தை இறக்கிவைத்தார். நெல் அந்தத் தடவை என்றைக்கும் இல்லாத விளைச்சல் என்றார். மேலே மாட்டுச் சாணி வைத்திருக்கும் மாத்தயா, அதாவது ஐயா, யார் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். உத்தியோகம் பார்த்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. பலாப்பழத்தை வீடே கூடித் தின்றோம்.

அடுத்த வருஷம் மறுபடியும் வந்தார். கையில் பழம் இல்லை, ஒரு பிடி நெற்பயிர் இருந்தது. நெஞ்சளவு உயரம், இலை கரும்பச்சை, தண்டு தொட்டால் குழைந்தது. கதிரை என் உள்ளங்கையில் வைத்து நசுக்கிக் காட்டினார். ஒரு மணி அரிசி இல்லை, வெறும் பதர். பயிர் தளதளவென்று வளர்ந்து, ஒரு காற்றுக்கு மொத்த வயலும் சாய்ந்துவிட்டதாம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கொட்டகை வாசலில் குந்தி, பீடி பற்றவைத்து, தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்:

"மாத்தயா, போன வருசம் உங்க தண்ணி என்ட வயலுக்கு நல்ல சாப்பாடு குடுத்தது. இந்த வருசம் சாப்பாடு கூட. வயல் தின்னு தின்னு, எழும்ப ஏலாம படுத்திருச்சி."

மூன்று கடுதாசி

நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மூன்று வருஷத்தில் மூன்று கடுதாசி எழுதினேன். எருமேட்டை ஓடைப்பக்கத்திலிருந்து எடுத்து, கொட்டகைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடக்கும் சமதரைக்கு மாற்றவேண்டும், சுற்றிலும் களிமண் வரப்பு, மேலே ஒரு கூரை வேண்டும், கானைத் திருப்பவேண்டும். கடுதாசி கண்டாக்கையா வழியாகத்தான் துரைக்குப் போகவேண்டும். போயிற்றா இல்லையா என்று கண்டாக்கையாவுக்கும் அவர் மேசை லாச்சிக்கும்தான் தெரியும்.

நாலாவது மழைக்காலம் தொடங்கியபோது துணிந்து நேரே ஆபீஸ் வாசலில் நின்றேன். பெரியதுரை வெள்ளைக்காரர். கெட்டவர் இல்லை. தோட்டத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். ஆனால் எங்களைவிட மெதுவாகத்தான் காதில் வாங்குவார். அன்றைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தின் சத்தத்தில் நான் இரண்டு தடவை கத்திச் சொல்லவேண்டியிருந்தது. ஊற்றுத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். கானின் கரை மெலிந்துவிட்டது, சாணி அடைத்து அடைத்துத் தண்ணீர் மேலேறுகிறது, மழை பெய்யும்போதெல்லாம் நானே மம்பட்டியோடு போய் வெட்டிவிடுகிறேன் என்றேன். துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்த மழையில் ஆளைப் போட்டால் நனைந்து காய்ச்சலில் படுப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தில் உண்மையாகவே ஒரு கரிசனம் தெரிந்தது.

"கணக்கப்புள்ள, இப்ப மழை இருக்கு. மழை நின்னு, தண்ணி ஓடுறது நின்ன பொறகு நீ வந்து சொல்லு, நாங்க தண்ணி எங்க ஓடுது பாக்கலாம்."

பீலி

மழை நிற்கும் காலத்தில் யாருக்கும் மழை ஞாபகம் இருப்பதில்லை. எனக்கும் ஐப்பசி நடுகை, கணக்கு, பிள்ளைகள் என்று வருஷம் ஓடிவிட்டது. ஐந்தாவது மழைக்காலம் வந்தது. ஆனியில் ஆறு நாள் சேர்ந்தாற்போல் பெய்தது. ஐந்து நாள் நான் முடக்குக்குப் போய்க் கானை வெட்டிவிட்டேன். ஆறாவது நாள் எனக்கே காய்ச்சல். ஒரு நாள்தானே என்று போகவில்லை.

ஏழாவது நாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரத்தில், ஐந்தாம் நம்பர் லயத்து ஆட்கள் பாதிப்பேர் வரவில்லை. பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் என்றார்கள். அடுத்த வார்த்தை காதில் விழவில்லை. நான் ஓடிக்கொண்டிருந்தேன். முடக்கில் கரை உடைந்து, கறுத்த தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் கையை விட்டு எடுத்தேன். விரலிடுக்கில் புல்லும் சாணியும். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு லயத்துக்கு ஓடி, ஒவ்வொரு காம்பராவாகக் கதவைத் தட்டி, "தண்ணி குடிக்காதீங்க, குடத்தைக் கவுத்துங்க!" என்று கத்தினேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

பன்னிரண்டு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். மருந்தையா, உப்பும் சர்க்கரையும் கலந்த, கொதித்து ஆறிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டச் சொல்லிக்கொண்டு லயம் முழுக்க நடந்தார். பதினொரு பிள்ளைகள் மத்தியானத்துக்குள் கொஞ்சம் கண் திறந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, அழக்கூட முடியவில்லை. பாக்கியத்தின் மகள் லெச்சுமி. மூன்று வயது. கொழுந்து லொறியில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாதையில் மண் சரிந்திருந்தது. ஆட்கள் முன்னால் நடந்து மண்ணைத் தள்ளத் தள்ள லொறி ஊர்ந்தது. நானும் தள்ளினேன்.

லொறிக்குள் பாக்கியம் பிள்ளையை மடியில் போட்டு, தன் கம்பளியைச் சுற்றி, அதன் வாயில் ஈரத் துணியை வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், "ஒண்ணும் ஆகாது பாக்கியம்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் உத்தியோகக் குவாட்டர்ஸுக்கு வேறு ஊற்று, வேறு குழாய். அதை அவள் அறிவாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்:

"ஐயா, ஒங்க வீட்டுப் பீலியில தண்ணி எப்படிங்க வருது?"

பதினோரு தேயிலைச் செடி

திரும்பி வந்ததும் நான் துரையிடமும் போகவில்லை, கண்டாக்கையாவிடமும் போகவில்லை. கால் தானாகக் கொட்டகைக்குப் போயிற்று. சடையனிடம், "மேட்டை மாத்தணும். இப்பவே" என்றேன். அவர் பேத்திகளில் ஒருத்தியும் அன்றைக்குப் படுத்திருந்தாள். வெற்றிலையைக்கூடத் துப்பாமல் எழுந்து போனவர், மாட்டுக்காரர்கள் இருபது பேரோடு வந்தார். பெண்களும் கூடையோடு வந்தார்கள்.

மழை விடவில்லை. நாங்களும் விடவில்லை. புல்தரையில் களிமண்ணும் புல்கட்டியும் வைத்து இடுப்பளவு வரப்பு கட்டினோம். வடிகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு மூலையில் குழி வெட்டினோம். எருவைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினோம். இடிந்த பழைய லயத்துத் தகரத்தையும் மானாப்புல்லையும் வைத்துக் கூரை போட்டோம். சாணித் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் ஓடியது. இரண்டு நாள் முழுக்க வேலை.

கடைசியாகக் கான். கொட்டகை கழுவும் தண்ணீரும் புதுக் குழிக்குத் திரும்பவேண்டும் என்றால் ஏழாம் நம்பர் மலையின் மேல் மூலையில் புதிதாக வெட்டவேண்டும். குறுக்கே பதினோரு தேயிலைச் செடிகள். தோட்டத்தில் மனுஷன் விழுந்தால் விசாரிப்பார்கள். தேயிலைச் செடி விழுந்தால் மன்னிக்கமாட்டார்கள். ஆட்கள் மம்பட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கையால் அது நடக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது. மம்பட்டியை வாங்கி, பதினொன்றையும் நானே வேரோடு வெட்டினேன். கடைசிச் செடி சாயும்போது மேலே பாதையில் குடை தெரிந்தது. கண்டாக்கையா. அவர் குடையை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

"அடப்பாவி, தேயிலையையா வெட்டுன? நாளைக்கு ஒன் பத்துச்சீட்டை என் கையாலயே எழுதி, ஒன்னை ரயிலேத்தி விடுறேன் பாரு!"

துரையின் உத்தரவு

பத்துச்சீட்டு என்றால் வேலை போயிற்று, வீடு போயிற்று என்று அர்த்தம். மறுநாள் காலை ஆபீசுக்குப் புறப்படும்போது மனைவி சாரதா பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

துரை மேசைக்கு முன்னால் கண்டாக்கையா எனக்கு முந்தியே நின்று, செடிகளின் வயதிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். துரையின் முகம் சிவந்தது. "நீ வெட்டினதா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "யார் உத்தரவு?" "யாரும் இல்லீங்க." பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மூன்று கடுதாசியையும் சொன்னேன். பன்னிரண்டு பிள்ளைகளையும் பேர் பேராகச் சொன்னேன். கடுதாசி என்றதும் துரை கண்டாக்கையாவைத் திரும்பிப் பார்த்தார். கண்டாக்கையா ஜன்னலைப் பார்த்தார்.

அப்போது கதவு தட்டாமல் டீமேக்கர் உள்ளே வந்தார். என்னைத் தொலைக்க இன்னொரு ஆள் என்று நினைத்தேன். அவர் ஒரு வாளிப் பாசியைத் துரையின் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். இந்த மாசம் மட்டும் நாலு தரம் சக்கரம் நின்றது, நின்ற ஒவ்வொரு தரமும் போன தேயிலை அந்தப் பதினோரு செடி நூறு வருஷம் தருவதைவிடக் கூட என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு பார்வைகூடத் தராமல் வெளியே போய்விட்டார்.

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மழையில் கொட்டகைவரை ஏறினார். வரப்பைப் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். கானோடு இறங்கி, முடக்குக்கு வந்து, நான் கரையை அடைத்து, கழுவி, குழாய் பூட்டியிருந்த தொட்டியில் கையை விட்டார். தண்ணீர் தெளிந்து வந்தது. வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை. பிறகு துடைத்துக்கொண்டு, கண்டாக்கையா காது கேட்கவே என்னிடம் சொன்னார்:

"கணக்கப்புள்ள, இந்த வேலைக்கு நான் முந்தாநாளே உத்தரவு குடுத்தது. நீதான் இன்னிக்கு லேட்டா கேட்டது. வெளங்குச்சா?"

ஒரு குடம்

லெச்சுமி ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள், ஆனால் தன் காலால் நடந்து வந்தாள். பாக்கியம் மட்டும் அந்தப் பீலிக்குப் போகவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த டிவிஷனுக்கு முக்கால் மைல் ஏறி இறங்கித் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் போனார்கள். மழையில் அவர்கள் வரிசையாக ஏறுவதை நான் கொட்டகையிலிருந்து தினமும் பார்ப்பேன்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பீலிக்குப் போய், எல்லோரும் பார்க்க ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தேன். பாக்கியம் குடத்தை இறக்கவில்லை. "நீங்க குடிப்பீங்க ஐயா, உத்தியோகத்துக்காகக் குடிப்பீங்க. வீட்டு அம்மாவும் ஒங்க புள்ளைங்களும் குடிக்கட்டும், அப்புறம் நாங்க குடிக்கிறோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன். சாரதா பிடுங்கிக் கேட்டாள், சொன்னேன். அவள் குடத்தை எடுத்தாள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஐந்தாம் நம்பர் லயத்துக்கு இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். பெண்கள் வழிவிட்டார்கள். அவள் குடத்தை நிறைத்து, முதலில் சின்னவனுக்கு, பிறகு பெரியவளுக்கு, கையில் ஊற்றிக் கொடுத்தாள். கரையைக் காலையில் பார்த்தேனா, தொட்டி மூடியைப் போட்டேனா, குழி வழிந்திருந்தால் என்ன ஆவது என்று மனசு முடக்குக்கும் கொட்டகைக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் அவர்கள் தொண்டையில் இறங்கும்வரை நான் பட்ட பாட்டை, விஷயம் தெரிந்திருந்தால் அந்த லயத்து ஆட்கள் ஐந்து வருஷமும் பட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுக்கு அந்தப் பீலித் தண்ணீர்தான். பாக்கியம் மூன்றாம் நாள் தன் குடத்தைக் கொண்டுவந்து சாரதாவின் குடத்துக்குப் பின்னால் வைத்தாள்; கொதிக்கவைத்துத்தான் குடித்தாள், ஆனால் வைத்தாள். முதல் நாள் சாரதா கடைசியாகத் தானும் ஒரு கை குடித்து, வாயைத் துடைத்து, என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது:

"தண்ணி நல்லாத்தாங்க இருக்கு. ஒங்க மொகந்தான் கலங்கிப் போய்க் கெடக்கு."

எங்கள் தோட்டத்தில் சாணித் தண்ணீர் மேலேயிருந்து கீழே வந்துசேர ஒரு மணி நேரம்தான் ஆயிற்று, அது வந்த செய்தி கீழேயிருந்து மேலே போய்ச்சேரத்தான் ஐந்து வருஷம் பிடித்தது.